பிராஜெக்டில் வேலை நேரத்தைக் குறைத்தால் யாரிடம் கேட்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டங்களின் கணக்கு வழக்கைப் பார்க்கும் மேசை என்னுடையது. ஜூன் 12 நெருங்கி, மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில், என் மேசைக்கு முன்னால் ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள். குறுவை நடவு தொடங்கினால் வயல் வேலை குவியும், மற்ற திட்டத்துக்கு நேரம் இருக்காது. "சார், இந்த பிராஜெக்டில் என் எஃபர்ட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதினைந்து முறையாவது வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களைப் பற்றியது இது, முக்கியமாக அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். பணம். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் நம் ஊர் ஏஜென்சிகளைப் பற்றிக் கடைசிப் பக்கம் வரும்.

எஃபர்ட் என்றால் சரியாக என்ன?

உங்கள் மொத்த வேலையில் இந்தத் திட்டத்துக்கு எத்தனை பங்கு என்பதுதான். நேரப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் இதை ஆள்-மாதமாகக் கேட்பார்கள். ஆண்டு முழுக்க, 12 மாதமும் வேலையில் இருப்பவர் 25 சதவீதம் தருகிறார் என்றால் 3 ஆள்-மாதம். 9 மாதக் கல்வியாண்டுக்கு மட்டும் சம்பளம் வாங்கும் அமெரிக்கப் பேராசிரியருக்கு அதே 25 சதவீதம் 2.25 ஆள்-மாதம். அங்கிருந்து வரும் தாளில் இருக்கும் எண்ணை நம் கணக்கோடு ஒப்பிடும்போது இது கண்ணில் படாமல் போகும்.

இன்னொன்று. மொத்தம் எப்போதும் 100 தான். ஞாயிற்றுக்கிழமையும் வயலில் நின்றேன், இரவு பத்து மணி வரை ஆய்வகத்தில் இருந்தேன் என்று 110 போட முடியாது. அதிகம் உழைத்தால் அந்த மொத்தமே 100 ஆகும்.

எப்போது முன் அனுமதி கட்டாயம்?

என்.ஐ.எச். கொள்கையில் மூன்று சூழ்நிலைகள். மானியம் கிடைத்ததைத் தெரிவிக்கும் அவார்டு லெட்டரில் பெயர் குறிப்பிடப்பட்டவர் திட்டத்தை விட்டு முழுவதும் விலகினால். தொடர்ந்து 3 மாதமோ அதற்கு மேலோ திட்டத்தில் இல்லாமல் இருந்தால். ஒப்புக்கொண்ட நேரப் பங்கை 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தால். இந்த மூன்றில் எது நடந்தாலும் முதலில் கேட்க வேண்டும், பிறகு செய்ய வேண்டும்.

அமெரிக்க அரசின் எல்லா மானியங்களுக்கும் பொதுவான விதியிலும் இதே 3 மாதம், இதே 25 சதவீதம் உண்டு. ஆனால் அது முதன்மை ஆய்வாளரை, அதாவது பி.ஐ.யை, மட்டும் பேசுகிறது. குறைப்பையும் திட்டக் காலம் முழுவதற்குமாகக் கணக்கிடுகிறது. மூன்று மாதத்திலும் சின்ன வித்தியாசம்: பொது விதி "மூன்று மாதத்துக்கு மேல்" என்கிறது, என்.ஐ.எச். மூன்று மாதம் ஆனாலே எண்ணத் தொடங்கிவிடும். உங்கள் திட்டத்துக்கு எந்த ஏஜென்சி என்று பார்த்துவிட்டு அதன் வாசகத்தைப் படியுங்கள். பக்கத்து அறைக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவருடைய ஏஜென்சி வேறாக இருக்கும்.

20 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைக்கிறேன். 5 சதவீதம்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

இல்லை. 20ல் 5 குறைந்தால் அது கால்வாசி. அதாவது 25 சதவீதக் குறைப்பு. அனுமதி வேண்டும். ஒரு மா நிலத்தில் கால் மா போனால் நாம் சின்ன விஷயம் என்று விடுவோமா? உங்களிடம் இருந்ததில் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும்.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கிறது, வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு. அதில் எழுதியிருப்பது: 40 என்றால் 30. 30 என்றால் 22.5. 20 என்றால் 15. 10 என்றால் 7.5. அந்த இரண்டாவது எண்ணையோ அதற்குக் கீழேயோ தொட்டால் கடிதம் எழுதணும். 40லிருந்து 32க்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, கடிதம் வேண்டாம். ஆள்-மாதத்தில் பார்த்தாலும் அதே கதைதான்: 3 மாதம் ஒப்புக்கொண்டவர் 2.4க்கு வரலாம், 2.25க்கு வந்தால் கேட்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறிய பங்கு வைத்திருப்பவருக்குத்தான் இந்த விதி சட்டென்று கடிக்கும். 8 சதவீதம் போட்டவர் 6க்கு வந்தாலே மாட்டிக்கொள்வார், அதாவது மாதத்துக்கு அரை நாள் போலத்தான் குறைகிறது. அதனால்தான் விண்ணப்பம் போடும்போதே "சும்மா ஒரு 5 சதவீதம் என் பேரையும் போடுங்க" என்று வருபவர்களிடம் நான் ரெண்டு முறை கேட்பேன்.

இந்த வருடம் 20லிருந்து 17, அடுத்த வருடம் 14. ஒவ்வொன்றும் 25க்குள்தானே?

ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அளக்கக் கூடாது. முதலில் ஒப்புக்கொண்ட 20தான் அளவுகோல். 20லிருந்து 14 என்றால் 30 சதவீதக் குறைப்பு, எனவே இரண்டாம் படிக்கு அனுமதி வேண்டும். ஏஜென்சி ஒருமுறை 14க்குச் சம்மதித்துவிட்டால், அதன் பிறகு 14 புது அளவுகோலாகும். அதற்குப் பின் 10.5ஐத் தொடும் வரை கேட்க வேண்டியதில்லை.

நான் இந்தத் திட்டத்தில் சம்பளமே வாங்கவில்லை. எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். சம்பளம் கல்லூரியிலிருந்து வரலாம். நேரம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தது திட்டத்துக்குத்தான். நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள், பெரும்பாலோர் இதைத்தான் மறக்கிறார்கள்.

என் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்), டெக்னீஷியன், களப்பணியாளர் ஆகியோரை மாற்றவும் கேட்க வேண்டுமா?

அவார்டு லெட்டரில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் முக்கியப் பணியாளர் என்று பத்துப் பேரைப் போட்டிருப்போம். அவார்டு லெட்டரில் பி.ஐ.யோடு ஓரிருவர் பெயர்தான் இருக்கும். விதி அந்தப் பெயர்களுக்கு மட்டும். மற்றவர்களைக் கூட்டலாம், குறைக்கலாம், வேறு திட்டத்துக்கு மாற்றலாம். கல்லூரிக்குள் கையெழுத்து போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சம்பளப் பதிவேடு உண்மையில் செய்த வேலையைக் காட்ட வேண்டும். செப்டம்பரில் முழுக்க வேறு திட்டத்தின் வாய்க்கால் கரையில் நின்றவருக்கு இந்தத் திட்டத்தில் பாதிச் சம்பளம் போட்டால், அனுமதி பற்றிய கேள்வியே எழாது, நேராகத் தணிக்கைக் கேள்விதான். முன்கூட்டியே உத்தேசமாகப் பிரித்துப் போடலாம், அதை விதியே ஏற்கிறது. பிறகு நடந்ததோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். நான் இதைக் குறுவை அறுவடை முடிந்ததும் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை செய்கிறேன்.

குறுவையில் நாள் முழுக்க வயலில், மழை மாதங்களில் வேலையே இல்லை. இது குறைப்பா?

இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

நேரப் பங்கை மாதா மாதம் ஒரே அளவாக நிரப்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 3 ஆள்-மாதம் என்பது அந்த பட்ஜெட் ஆண்டின் மொத்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையில் வயல் மூழ்கிக் கிடக்கும்போது மாதிரிகளை உலர்த்துவது, தரவைச் சரிபார்ப்பது என்று வாரம் அரை நாள் கொடுத்தாலும் ஆண்டுக் கணக்கு 3 வந்துவிட்டால் சரி.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மழை மாதங்களில் முழுவதும் சுழியம் என்று பதிவேடு காட்டினால், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று தொடர்ந்து மூன்று மாதம் திட்டத்தில் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் குறுவையும் தாளடியும் தெரியாது. ஆகவே விண்ணப்பத்திலேயே பருவ வாரியாக யார் எப்போது எவ்வளவு என்று ஒரு சிறு அட்டவணை போட்டுவிடுங்கள். 2018 நவம்பர் 16ல் கஜா கரையேறியது போல ஒன்று வந்து திட்டமே மாதக்கணக்கில் நின்றுபோனால், அது அட்டவணையில் இல்லாத விஷயம். அதற்குத் தனிக் கடிதம், முதல் மாதத்திலேயே.

பி.ஐ. மகப்பேறு விடுப்பில் போகிறார்.

முதலில் வாழ்த்துகள். பிறகு கடிதம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் என்றால் 2021 ஜூலை முதல் 12 மாதம் விடுப்பு. தனியார் கல்லூரியில் சட்டப்படி 26 வாரம். இரண்டுமே மூன்று மாதத்தைத் தாண்டுகிறது. விடுப்பு உங்கள் உரிமை. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் ஏஜென்சிக்கு எந்த வேலையும் இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் திட்டத்தை யார் பார்த்துக்கொள்வார்? கோ-பி.ஐ. ஒருவரைத் தற்காலிகப் பொறுப்பில் வைக்கிறோம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று எழுதினால் பொதுவாகச் சிக்கல் இருக்காது. பிரசவத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்க வேண்டாம். ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு அழைக்க வரும்போதே என்னிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் வெளிநாட்டு ஃபெல்லோஷிப். அங்கிருந்தே வேலை பார்ப்பேன்.

அப்படியானால் நீங்கள் திட்டத்தை விட்டு விலகவில்லை. எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, ஒப்புக்கொண்ட நேரம் திட்டத்துக்குப் போகிறதா என்பதுதான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும்: வாரக் கூட்டத்தின் குறிப்பு, நீங்கள் திருத்தி அனுப்பிய தரவுத்தாள், மாணவருக்கு எழுதிய மெயில். அந்த ஃபெல்லோஷிப்பும் உங்கள் நேரத்தை முழுதாகக் கேட்கிறது என்றால், இரண்டும் சேர்த்து 100ஐத் தாண்டும். அப்போது கேட்டே ஆகணும்.

புரோகிராம் ஆஃபீசர் "ஓகே, நோ ப்ராப்ளம்" என்று மெயில் போட்டுவிட்டாரே?

அவர் நல்ல மனிதர். அவர் ஓகே அனுமதி ஆகாது. என்.ஐ.எச்.சில் அறிவியல் பக்கத்தைப் பார்ப்பவர் புரோகிராம் ஆஃபீசர். நிபந்தனைகளை மாற்றும் அதிகாரம் கிராண்ட்ஸ் மேனேஜ்மென்ட் ஆஃபீசருக்குத்தான், அதுவும் எழுத்தில். புரோகிராம் ஆஃபீசரிடம் முதலில் பேசிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், வேலை சுலபமாகும். அந்த மெயிலைக் கடிதத்தோடு இணையுங்கள். அதையே அனுமதியாக எண்ணி அடுத்த மாதச் சம்பளத்தை மாற்றிவிடாதீர்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நானே அனுப்பலாமா?

நீங்கள் அனுப்ப முடியாது. மானியம் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதல்ல, கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. கல்லூரி சார்பாகக் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர் வழியாகத்தான் போக வேண்டும். மாற்றம் நடக்கும் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது என்.ஐ.எச். எதிர்பார்ப்பு. நம் பதிவாளர் அறையில் ஒரு ஃபைல் எத்தனை நாள் தூங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் என்னிடம் 60 நாள் முன்னால் வாருங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். மானிய எண், யாருடைய நேரம், இப்போது எத்தனை ஆள்-மாதம், இனி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, ஏன். பிறகு முக்கியமான பத்தி: குறையும் வேலையை யார் செய்வார், ஆய்வின் நோக்கம் எதுவும் விடுபடுகிறதா, மிச்சமாகும் பணம் என்னாகும். "நிர்வாகக் காரணங்களால்" என்று மட்டும் எழுதி வருபவர்களின் தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். துறைத் தலைவர் பொறுப்பு வந்துவிட்டது என்றால் அப்படியே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிதாக ஒருவர் உள்ளே வருகிறார் என்றால் அவருடைய தன்விவரமும், அவர் கையில் இருக்கும் மற்ற திட்டங்களின் பட்டியலும் சேர்க்க வேண்டும்.

நாங்கள் நேரடியாகப் பணம் பெறவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கீழ் துணை மானியம்.

அப்படியானால் ஏஜென்சிக்கு நேராக எழுதாதீர்கள். கடிதம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அவர்கள் தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்கள். துணை மானிய ஒப்பந்தத்தில் ஏஜென்சியை விடக் கறாரான விதி இருக்கலாம், 25க்குப் பதில் எந்தக் குறைப்பானாலும் சொல் என்பது போல. ஒப்பந்தம்தான் உங்களைக் கட்டும். 60 நாள் என்று மேலே சொன்னேனே, இதற்கு 90 வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைந்தால் மிச்சமாகும் சம்பளப் பணத்தை வேறு தலைப்புக்கு எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் இங்கே இன்னொரு 25 சதவீதம் வருகிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஒரு செலவுத் தலைப்பில் நடக்கும் மாற்றம், கொடுத்த மொத்தத் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டினால், ஆய்வின் போக்கே மாறுகிறதோ என்று என்.ஐ.எச். சந்தேகப்படும். ஆய்வின் போக்கு மாறுவதற்குத் தனியாக முன் அனுமதி வேண்டும். நேரப் பங்கின் 25 ஒருவருடைய உழைப்பைப் பற்றியது, இந்த 25 பணத்தைப் பற்றியது. ஒன்றைத் தாண்டாமல் மற்றதைத் தாண்டலாம்.

நேரத்தைக் கூட்டினால்?

இந்த விதிப்படி கேட்க வேண்டாம். மற்றத் திட்டங்களில் கொடுத்த வாக்கோடு சேர்த்து 100க்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆண்டறிக்கையில் சொன்னால் போதாதா?

போதாது. என்.ஐ.எச். ஆண்டறிக்கையில் அடுத்த ஆண்டு யாருடைய நேரமாவது 25 சதவீதமோ அதற்கு மேலோ குறையப்போகிறதா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. "அடுத்த ஆண்டு" என்பதைக் கவனியுங்கள். போன ஆண்டு சொல்லாமல் செய்ததை ஒப்புக்கொள்ளும் இடம் இல்லை அது.

கால நீட்டிப்பில் இருக்கிறோம், பணமே இல்லை. அப்போதும் நேரம் கணக்கா?

கணக்குதான். நிபந்தனைகள் நீட்டிப்புக் காலத்திலும் தொடரும். "தேவைப்படும்போது" என்று எழுதுவதும் சுழியம் போடுவதும் எந்தக் காலத்திலும் ஏற்கப்படாது. அளக்கக்கூடிய ஏதாவது ஓர் எண் வேண்டும்.

நம் நாட்டு ஏஜென்சிகளில் எப்படி?

இங்கே 25 சதவீதம் என்ற கணக்கு அவ்வளவாக வராது. பி.ஐ.க்குத் திட்டத்திலிருந்து சம்பளம் கிடையாது. பல விண்ணப்பப் படிவங்களில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. (பார்க்கத் தொடங்கினால் சிலருடைய வாரத்தில் எட்டாவது நாள் ஒன்று தேவைப்படும்.)

ஆராய்ச்சிக்குப் பணம் தந்த மத்திய அரசு வாரியமான எஸ்.இ.ஆர்.பி. இருந்த இடத்தில் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். வந்திருக்கிறது, 2023 சட்டத்தின்படி. பெயர் எதுவானாலும் இங்கே கேட்டே ஆக வேண்டியவை மூன்று: பி.ஐ.யை மாற்றுவது, பி.ஐ. வேறு நிறுவனத்துக்குப் போவது, பி.ஐ. நீண்ட விடுப்பில் போவது. ஆட்கள் விஷயத்தில் கட்டுப்பாடு மணி நேரத்தில் இல்லை, பதவியில் இருக்கிறது. ஒரு ஜே.ஆர்.எஃப். விட்டுப் போனால் அதே பதவிக்கு இன்னொருவரை நாமே நேர்காணல் வைத்து எடுக்கலாம். ஜே.ஆர்.எஃப்.புக்கு மாதம் 37,000, முதுநிலை ஆராய்ச்சியாளரான எஸ்.ஆர்.எஃப்.புக்கு 42,000 என்பது 2023 ஜனவரி முதல் உள்ள அறிவியல் தொழில்நுட்பத் துறை விகிதம். "42,000 ரூபாய்க்கு ஒருவருக்குப் பதில் உள்ளூரில் ரெண்டு பேரைக் களப்பணிக்கு வைக்கிறேன்" என்று ஒரு ஆசிரியர் வந்தார். யோசனை நல்லதுதான், நாற்றங்காலில் ரெண்டு கை கூடும். ஆனால் சாங்ஷன் ஆர்டரில் இல்லாத பதவி அது. எழுதிக் கேட்காமல் செய்திருந்தால் பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழான யு.சி. போடும்போது ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

கேட்காமலே செய்துவிட்டேன். இப்போது?

இன்றே எழுதுங்கள். மறைத்துப் பழைய தேதி போடுவதற்கு என்னிடம் வராதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆசிரியர் முழுநேர அயற்பணிக்குப் போனார். போகும் முன் என் மேசையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போனார், "ஏஜென்சிக்குத் தெரிவிக்கவும்" என்று பென்சிலில் எழுதி. நான் அதைச் சம்பளப் பட்டியல் கோப்புக்குள் செருகிவிட்டேன். நாலு மாதம் கழித்து ஆண்டறிக்கைக்காகக் கோப்பைப் பிரித்தபோது அந்தப் பென்சில் எழுத்து தெரிந்தது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினோம்: இன்ன தேதி முதல் அவர் இல்லை, இன்னார் பார்த்துக்கொண்டார், இன்னின்ன வேலை நடந்தது, தெரிவிக்கத் தவறியது எங்கள் அலுவலகம். மாற்று ஆளை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாலு மாதத்தில் அவர் பெயரில் எடுத்த தொகையை மட்டும் ஏற்கவில்லை, கல்லூரி தன் பணத்திலிருந்து கட்டியது. அன்றிலிருந்து பென்சில் குறிப்பை நான் வாங்குவதில்லை.

பி.ஐ. திடீரென்று மருத்துவமனையில். 30 நாள் முன்னால் எப்படிக் கேட்பது?

முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாவிட்டாலும் முதல் வாரத்திலேயே ஒரு தகவல் மெயில். மூன்று மாதத்தை எட்டும் என்று தோன்றியதும் முறையான கடிதம். குடும்பத்தாரிடம் கையெழுத்துக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டாம். கையெழுத்து கல்லூரியுடையது, பதிவாளர் போடுவார்.